பளபளப்புக்குப் பின்னால் ஒரு மூட்டை மைதா

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு மைதா மூட்டை! நிஜமான, ரொட்டி சுடுகிற, வெள்ளை வெளேர் மைதா. வாய் பிரிந்து, பாதி காலியாகி, ஒரு ஸ்டூல் மேல் சாய்ந்து நிற்கிறது. அதைச் சுற்றி, கன்னம் கழுத்து காதுமடல் என்று ஒரு இடம் விடாமல் கரி அப்பிய ஆட்கள். நடுவில், மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்த ஒரு நீளப் படகு. அதன் பின்பாதி செத்த சாம்பல் நிறம். முன்பாதியில் என் பல்வரிசை தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு எல்லை. அந்த எல்லையைப் பார்த்ததும் கை தானாகத் தட்டிவிட்டது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தட்டுவார்களாம்.

இது அமெரிக்காவின் மினசோட்டா. கனடாவுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் மாநிலம். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளே 11,842 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அவை பாறையாக இறுகிவிடும்; மேலே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், துளை போட்டு, மீன் பிடிப்பார்கள். ஏப்ரல் வாக்கில் பனி உடையும். மே நடுவில் மீன்பிடிப்புக்குக் கதவு திறக்கும். மே கடைசித் திங்கள்கிழமை மெமோரியல் டே. அன்றைக்குப் படகு தண்ணீரில் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாது. ஆக, மொத்த ஊரின் படகுகளும் நாலைந்து வாரத்துக்குள் இப்படிப்பட்ட பாலிஷ் கொட்டகைகளின் வாசலில் வந்து நிற்கும். நான் எட்டிப் பார்த்தது அந்த நெரிசலின் நட்டநடுவில்.

பெயர் போடக் கூடாது, மெருகேற்றும் கம்பவுண்ட் டப்பாக்களின் லேபிளைப் படம் எடுக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளோடுதான் உள்ளே விட்டார்கள். எனவே தலைமைப் பாலிஷ்காரரை மேஸ்திரி என்றே சொல்கிறேன். லாரிச் சக்கரங்களைப் பாலிஷ் போட்டுத் தொழில் கற்றவர். இப்போது படகுகளைத் தவிர எதையும் தொடுவதில்லை. “லாரிச் சக்கரம் உருண்டை. படகு வெல்டிங், வளைவு, மூலை, ரிவெட், எல்லாம் சேர்ந்த நரகம்” என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் முகத்தோடு.

கட்டையில் ஏறியிருப்பது பான்டூன் படகு. தெரியாதவர்களுக்கு: இரண்டு அல்லது மூன்று பருத்த அலுமினியக் குழாய்கள் மிதக்கும், அவற்றின் மேல் ஒரு தட்டையான தளம், தளத்தின் மேல் சோபா, நிழல் துணி, குளிர்பானப் பெட்டி, சத்தமான பாட்டு. வேகமில்லை, வீரமில்லை, குடும்பமே ஏறி உட்கார்ந்து ஏரியைச் சுற்றி வரலாம். மினசோட்டாவின் ரிச்மண்ட் என்ற சிற்றூர்க்காரரான ஆம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி, 1950களின் தொடக்கத்தில், இரும்புப் பீப்பாய்களை வரிசையாக வெல்டிங் செய்து மேலே மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். இன்றைய பான்டூன் படகு அதிலிருந்து வந்ததுதான். பீப்பாய் துருப்பிடிக்கும், அந்த இடத்தில் அலுமினியக் குழாய் வந்து உட்கார்ந்தது. இன்றைய குழாயின் விட்டம் ஏறக்குறைய இரண்டு அடி. தகட்டின் தடிமன்? இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்! இத்தனை பேரும் அந்த மெல்லிய தகட்டை நம்பித்தான் தண்ணீரில் ஆட்டம் போடுகிறார்கள்.

சரி, பெயின்ட் அடித்துத் தொலைத்தால் என்ன? கேட்டேன். கொட்டகையில் ஒரு நிமிஷம் மௌனம். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

காரணம் சொல்ல அலுமினியத்தின் அந்தரங்க வாழ்க்கைக்குள் கொஞ்சம் நுழைய வேண்டும். இந்த உலோகம் காற்றுப் பட்ட கணமே தன் மேல் ஒரு ஆக்ஸைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். கணமே என்றால் கணமேதான். அந்தத் தோலின் தடிமன் சில நானோமீட்டர். நாம் எழுதுகிற தாளை இருபத்தைந்தாயிரம் ஏடாக உரித்தால் ஒரு ஏடு அவ்வளவு இருக்கும். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே இருப்பதையும் தின்னும். இந்தத் தோல் அப்படியல்ல, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கீழே இருப்பதைக் காக்கும். கீறினால் மறுபடி வளரும். ஆகவே, பெயின்ட் அடிக்காமல், பாலிஷ் போடாமல், எதுவுமே செய்யாமல் விட்டாலும் நல்ல ரக அலுமினியப் படகு ஏரியில் பல்லாண்டு வாழும். நிறம் மட்டும் மங்கும். அவ்வளவுதான்.

அதாவது, இந்தக் கொட்டகையில் நடப்பது எதுவும் படகுக்காக இல்லை! படகு பாட்டுக்குச் சாம்பல் நிறத்தில் சௌக்கியமாக இருக்கிறது. அந்தச் சாம்பல்தான் அதன் கவசம். இவர்கள் அந்தக் கவசத்தை மாய்ந்து மாய்ந்து தேய்த்து எடுக்கிறார்கள். எடுத்த மறுகணம் அது புதிதாக வளரத் தொடங்குகிறது. வளர்வதை அமுக்கி வைக்க இன்னொரு பூச்சு பூசுகிறார்கள். காப்பது படகை அல்ல, ஜொலிப்பை. இதைச் சொன்னதும் மேஸ்திரி குலுங்கிச் சிரித்தார். “இதை வாடிக்கையாளர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.” சொல்ல மாட்டேன், அச்சில் மட்டும் போடுகிறேன்.

வேடிக்கையின் உச்சம் இனிமேல்தான். தேய்க்கிற உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் குருணை எது தெரியுமா? பல ரகத் தாள்களில் அலுமினியம் ஆக்ஸைடு. அந்தத் தோலும் அதே பொருள்தான். மாணிக்கமும் நீலக்கல்லும்கூட வேதியியல் கணக்கில் அதே அலுமினியம் ஆக்ஸைடுதான், படிக வடிவத்தில். ஆக, அலுமினியத்தை அதன் ஆக்ஸைடாலேயே தேய்த்து, அதன் ஆக்ஸைடை நீக்குகிறார்கள். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது, சந்தோஷத்தில்.

படகு கொட்டகைக்கு வந்ததும் முதல் வேலை கழுவுதல். இங்கேதான் சுவரில் மண்டையோடு படம் ஒட்டிய மூலை. ஒரு கோடைகாலம் முழுக்கத் தண்ணீரில் கிடந்த குழாயில் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே பச்சைப் பாசி, பழுப்புக் கறை, சுண்ணாம்புப் படிவு, அதிர்ஷ்டம் கெட்டால் வரிச்சிப்பிகள். 1988இல் அமெரிக்கப் பேரேரிகள் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வெளியூர்ச் சிப்பிகள், நூல்விட்டு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினால் சிப்பி வரும், நூல் பதிந்த புள்ளி வராது. (இவை ஏரிவிட்டு ஏரி பரவாமல் இருக்க, படகைச் சாலையில் இழுத்துப் போகும்போது அடைப்பானைக் கழற்றி, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மினசோட்டாவில் சட்டமே இருக்கிறது.)

இந்தக் கறைக்கெல்லாம் ஆசிட் அடிப்பார்கள். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் சட்டியின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று நம் வீடுகளில் தெரியாதவர் இல்லை; அந்த வேலையைத்தான் இங்கே பத்து நிமிஷத்தில், வேண்டுமென்றே செய்கிறார்கள். ஆக்ஸைடு தோலுக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. அமில, காரத்தன்மையைச் சொல்லும் பி.எச். அளவுகோலில் நாலுக்கும் எட்டரைக்கும் நடுவில் இருந்தால் நிம்மதியாக இருக்கும், அந்த எல்லையைத் தாண்டினால் கரையும். அதனால்தான் அடுப்பு சுத்தம் செய்யும் காஸ்டிக் சமாச்சாரங்களையும் படகுப் பக்கம் கொண்டுவரக் கூடாது.

மண்டையோட்டுக்குக் காரணம், பளிச்சென்று வெளுக்கிறேன் என்று விற்கப்படும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருப்பது. கையில் பட்டால் உடனே எரியாமல் போகலாம். அதுதான் அதன் சூழ்ச்சி. தோலுக்குள் இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பல மணி நேரம் கழித்து வலி ஆரம்பிக்கும்போது சேதம் ஆழத்தில் நடந்திருக்கும். சுவரில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தொங்குகிறது, கை எட்டுகிற உயரத்தில். அது முதலுதவி மட்டும்தான், பட்டால் நேரே ஆஸ்பத்திரி. கண்ணாடியையும் அரிக்கும் அமிலம் இது. பக்கத்தில் நிறுத்திய காரின் ஜன்னல் நிரந்தரமாகப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். படகை ஏற்றி இழுக்கும் ட்ரெய்லரின் துத்தநாகப் பூச்சையும் உரித்துவிடும். “மத்தவங்க இதை அடிக்கிறாங்க. நான் பாஸ்பாரிக் ஆசிட்டோட நிறுத்திக்குவேன். ரெண்டு தடவை அடிச்சா போச்சு” என்றார் மேஸ்திரி. வீட்டில் சொந்தமாக முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு என் அபிப்பிராயமும் அதுதான். மண்டையோட்டு டப்பாவை வாங்காதீர்கள்.

இன்னொரு ரகசியம்: ஆசிட் வெளுக்கும், ஜொலிக்க வைக்காது. கழுவி முடித்ததும் படகு சீரான, வெண்மையான, சப்பென்ற மங்கலாக நிற்கும். பல பேர் இதோடு திருப்திப்பட்டுப் பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாவம். திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பதை அவர்கள் பார்ப்பதே இல்லை.

பார்க்கலாம், வாருங்கள்.

இரண்டாம் மூலையில் ஒரு பெண், வாட்டர் பேப்பரும் தண்ணீர்க் குழாயுமாக. 320, 400, 600, 800, 1000 என்று எண்கள் எழுதிய அட்டைகள் வரிசையாகக் கிளிப்பில் தொங்குகின்றன. எண் ஏற ஏறக் குருணை பொடியாகும். பாலிஷ் என்றால் கீறலை நீக்குவது என்று நான் நினைத்திருந்தேன். “இல்லவே இல்லை. நான் நாள் பூராவும் கீறல்தான் போடறேன்” என்றாள். பெரிய கீறலை அழிக்க அதைவிடச் சின்னக் கீறல். அதை அழிக்க இன்னும் சின்னது. கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறுத்துப் போனால், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெளிச்சத்துக்கு அவை தடையாகத் தெரியாது. வெளிச்சம் சிதறாமல் நேரே திரும்பி வரும். நாம் அதைக் கண்ணாடி என்போம். நன்றாக மெருகேறிய அலுமினியம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும்.

அவள் ஒரு தந்திரம் காட்டினாள். துள்ளிக் குதிக்கத் தோன்றியது. 400ஐ மேலும் கீழுமாகத் தேய்த்தால், 600ஐக் குறுக்காகத் தேய்க்கிறாள். ஏன்? குறுக்கே போகும்போது பழைய கீறல்கள் எல்லாம் மேலும் கீழுமாகத் தனித்துத் தெரியும். அவை அடியோடு மறைந்த பிறகே அடுத்த எண். ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தாலும், கடைசியில் கண்ணாடியாக ஆன பிறகு வெயிலில் அது மட்டும் எழுந்து நின்று பல்லிளிக்கும். அவசரக்காரர்கள் எண்ணைத் தாண்டித் தாவுவார்கள். தாவியவர்களின் படகுகளை இவள் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வாளாம்.

தண்ணீர் விட்டுத் தேய்ப்பதற்குக் காரணம் உண்டு. அலுமினியத்தின் நுண்பொடி காற்றில் கலந்தால் வெடிக்கக்கூடியது. இரும்புத் துருவோடு கலந்தால் இன்னும் மோசம். தண்டவாளத்தை வெல்டிங் செய்யப் பயன்படும் தெர்மைட் என்பது அந்தக் கலவைதான். ஆகவே இந்தக் கொட்டகையில் இரும்பைக் கிரைண்டரில் பிடிக்கக் கூடாது. இரும்புக் கம்பளிக்கும் தடை. அதன் துணுக்குகள் அலுமினியத்தில் புதைந்து, அடுத்த மழையில் செம்புள்ளிகளாகப் பூக்கும்.

இப்போது மேஸ்திரியின் முறை. கூட்டம் கொஞ்சம் விலகி நின்றது. மடிப்பு மடிப்பாகத் துணி வைத்துத் தைத்த பஃபிங் வீல் ஒன்றைப் பெரிய கிரைண்டரில் மாட்டினார். சோப்புக்கட்டி அளவு பழுப்புக் கம்பவுண்டைச் சுழலும் துணியில் ஒரு நொடி தொட்டார். இது வெட்டுகிற கட்டி. கடைசியில் வருவது பச்சைக் கட்டி. குரோமியம் ஆக்ஸைடு, அது மினுக்குகிற கட்டி. நடுவில் வெள்ளையும் உண்டு. ஒரே வீலில் இரண்டு நிறக் கட்டியைத் தொட்டால் இந்தக் கொட்டகையில் வேலை போய்விடும்.

வீல் தகட்டைத் தொட்டதும், அடடா, படகு கறுக்கிறது! ஜொலிக்கப்போகிறது என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த எனக்கு ஏமாற்றம். மையாகக் கறுப்பு பொங்கி வழிகிறது. உதிர்ந்த அலுமினியத் துகளும் கம்பவுண்டின் கொழுப்பும் கலந்த சேறு. மேஸ்திரியின் முகம், முன்கை, கண்ணாடி எல்லாம் அரை நிமிஷத்தில் கறுத்தன. பிறகு அவர் வீலின் சாய்வை மாற்றி, அழுத்தத்தைக் குறைத்து, சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக இழுத்துக்கொண்டு வர, கறுப்புக்கு நடுவிலிருந்து ஒரு வெள்ளிப் பட்டை பிறந்தது. அதில் கூரை விளக்கு, விளக்கின் கம்பி, கம்பியில் உட்கார்ந்திருந்த ஈ!

அழுத்தினால் வேகமாக முடியும் என்று கை பரபரக்கும், அழுத்தக் கூடாது. அலுமினியம் சூட்டைக் கடகடவென்று உள்ளே வாங்கும். இரண்டு மில்லிமீட்டர் தகடு சூடானால் நெளியும். கம்பவுண்ட் அந்தச் சூட்டில் சுட்டுப் பிடித்துக்கொள்ளும். எனவே ஒரு கை எப்போதும் தகட்டைத் தடவிக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கை தாங்காத சூடு வந்தால் வேறு இடத்துக்கு நகர வேண்டும்.

கடைசியில் வந்தது மைதா! ஆளுக்கொரு பிடி அள்ளி, குழாயின் மேல் தூவி, மெத்தென்ற துணியால் துடைக்கிறார்கள். கம்பவுண்டின் கொழுப்பை மாவு குடித்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் உதிர்கிறது, கரி மாயம். சோளமாவும் வேலை செய்யுமாம். லாரிப் பாலிஷ்காரர்களின் பழைய வித்தை இது. சோப்புத் தண்ணீர் ஏன் கூடாது என்றேன். “கூடும். ஆனா அது காயற வரைக்கும் யார் நிக்கறது?” நானும் ஒரு பிடி வாங்கித் தூவினேன். என் சட்டை இன்று வரை அந்தக் கரியை விடவில்லை. எனக்கு அதில் ரகசியப் பெருமை.

இதே வித்தைக்கு ஆகாயத்திலும் சாலையிலும் உறவுகள் உண்டு. 1936இல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் இழுவை வீடு அந்த வம்சம். பெயின்ட் அடிக்காத வெள்ளி உடம்போடு பறந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்களும் அந்த வம்சம்தான். 2013இல் அவர்கள் வெள்ளிப் பெயின்டுக்கு மாறினார்கள். உலோகத் தோலே இல்லாத புதிய விமான உடல்களை யார் பாலிஷ் போடுவது? படகில் முக்கியமான தகராறு ஒன்றும் ஆகாயத்திலிருந்து வந்ததே. கடைக்காரர் “விமானத்துக்குப் போடற அலுமினியம் சார்” என்று பெருமையடித்தால், எந்த விமான அலுமினியம் என்று கேளுங்கள். விமானத் தகட்டில் பேர் பெற்ற 2024 ரகத்தில் ஏறக்குறைய நாலு சதவீதம் செம்பு. பலம் அபாரம், உப்புத் தண்ணீரில் ஆயுள் பரிதாபம். படகுக்கு உகந்தவை செம்பை ஒதுக்கி மெக்னீசியத்தைச் சேர்த்த 5052, 5083, 5086 ரகங்கள்.

செம்பு! அந்தப் பெயரைச் சொன்னாலே இங்கே முகங்கள் மாறுகின்றன. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒட்டிக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அது ஒரு பேட்டரி. பலவீனமான உலோகம் கரையும். அலுமினியமும் செம்பும் சேர்ந்தால் கரைவது எப்போதும் அலுமினியம்தான். 1982க்கு முன் அச்சிட்ட அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் 95 சதவீதம் செம்பு. அது பையிலிருந்து நழுவிப் படகின் அடிப்பள்ளத்தில், தேங்கிய தண்ணீரில் கிடந்தால், காலப்போக்கில் அடியில் குழி விழும். சில்லறையோடு ஏறாதே என்று அலுமினியப் படகுக்காரர்கள் சொல்வது கஞ்சத்தனத்தால் அல்ல. பாதரசம் இன்னும் கொடியது. உடைந்த தெர்மாமீட்டரின் ஒரு சொட்டு, தோலைப் பிளந்து உள்ளே இறங்கிவிடும். ட்ரெய்லர்க் கட்டைகளிலும் செம்பு ஒளிந்திருக்கும். 2004க்குப் பிறகு அமெரிக்க வீடுகளுக்கு விற்கிற பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் போய், அந்த இடத்தில் செம்பு கூடியது. பழைய வழக்கப்படி அந்த மரத்தையே கட்டையாகப் போட்டவர்கள், ஈரக் கட்டை தொட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொருக்கோடு கொட்டகைக்கு வந்து நின்றார்கள்.

இந்தப் பேட்டரிக் கூத்தின் மகாராணி ஒருத்தி உண்டு. அவளைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 1895. அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் பந்தயம். ரோட் ஐலண்டின் பிரிஸ்டலில் நத்தானியல் ஹெர்ஷாஃப் கட்டிய ‘டிஃபெண்டர்’. எடை குறைய வேண்டும் என்ற வெறியில் மேலுடம்புக்கு அலுமினியம், நீருக்கடியில் வெண்கலம், எலும்புக்கு இரும்பு. மூன்றும் உப்புக் கடலில்! வேதியியல் ஆசிரியர் யாராவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஆனால் ஜெயித்தாள்! தோற்ற தரப்பின் டன்ரேவன் பிரபு, ராத்திரியில் ரகசியமாகப் பாரம் ஏற்றினார்கள் என்று குற்றம் சாட்ட, விசாரணை நடந்து, குற்றச்சாட்டு தள்ளுபடியாகி, படகுக் கிளப்பில் பிரபுவின் கௌரவ உறுப்பினர் பதவி பறிபோனது. இத்தனை ரகளைக்கும் காரணமான அழகி, உள்ளுக்குள் கரைந்துகொண்டே இருந்தாள். 1901இல் உடைத்துவிட்டார்கள். ஆறே வருஷம்.

அந்த அழகிக்கு இல்லாத சௌகரியம் இன்றைய படகுகளுக்கு உண்டு: பலிக்கட்டி. அலுமினியத்தைவிட எளிதில் கரையும் உலோகத் துண்டு ஒன்றைப் படகோடு திருகி வைத்தால், அரிப்பு முதலில் அதைத் தின்னும். நன்னீர் ஏரிக்கு மெக்னீசியம். கடலுக்குத் துத்தநாகம் அல்லது அதற்கென்றே செய்த அலுமினியக் கலவை. இதற்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது, மெழுகு பூசக் கூடாது. அழகாக இல்லையே என்று அதையும் பாலிஷ் போடச் சொன்ன வாடிக்கையாளர் உண்டாம். கரைவதற்கென்றே பிறந்ததை மினுக்கி என்ன செய்ய?

இப்போது மிச்சம் இருப்பது, வந்த ஜொலிப்பை நிறுத்தி வைப்பது. இங்கே கொட்டகையில் இரண்டு கட்சி. மெழுகுக் கட்சி, லாக்கர்க் கட்சி. மெழுகு எளிது, கைப்பழக்கம் போதும், சில வாரங்களில் போய்விடும், மறுபடி போட வேண்டும். ஷார்க்ஹைட் மாதிரியான தெளிந்த பூச்சு ஒரு சீசனையாவது தாங்கும். ஆனால் பூசுவது கத்திமேல் நடை. முதலில் அசிட்டோனால் துடைத்து, மெழுகு, எண்ணெய், மைதா எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டும். பிறகு வெறுங்கை படவே கூடாது. பட்டால் கைரேகை பூச்சுக்கு அடியில் சிறைப்பட்டு, எல்லா வெயிலிலும் தெரியும். மேஸ்திரி தன் கட்டை விரல் ரேகை பதிந்த ஒரு பழைய தகட்டை மாட்டி வைத்திருக்கிறார், புது ஆட்களை மிரட்ட. பூச்சை மெல்லிசாக, ஒரே போக்கில், ஈர ஓரம் காய்வதற்குள் இழுத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் தும்மினால் கோடு.

நான் எந்தக் கட்சி? படகை உபயோகித்ததும் தூக்கி நிறுத்தி வைப்பவர் மெழுகோடு இருக்கலாம். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்தால் போதும். கோடை முழுக்கத் தண்ணீரிலேயே மிதக்க விடுபவருக்கு லாக்கர். அதிலும் படகுத்துறையில் உரசி உரிந்த இடத்தில் மட்டும் காற்றுப் புகுந்து, ஓரம் வெட்டிய மங்கல் திட்டு விழும்; அப்போது சைலீன் போட்டு மொத்தத்தையும் கழுவி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஈரத் துணியையோ தார்ப்பாயையோ அப்படியே ஒட்டிக் கிடக்க விட்டால் இரண்டு கட்சியும் தோற்கும். காற்றுப் போகாத ஈரத்தில் ஆக்ஸைடு தோல் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாமல் வெள்ளைக் கறையாகப் பொங்கிவிடும். கடலில் விடுகிற படகுக்கு? அங்கே கண்ணாடி மெருகு வீண் வேலை. பிரான்சின் அலுபா நிறுவனம் கட்டும் ஓவ்னி பாய்மரப் படகுகள் பல, மேலுடம்பை வெறும் சாம்பலாகவே விட்டுவிட்டு உலகத்தைச் சுற்றுகின்றன. நீருக்கடியில் மட்டும் பாசி ஒட்டாத பெயின்ட், அதுவும் செம்பு ஆக்ஸைடு சேராததாக. எனக்கு அந்தச் சாம்பலும் பிடிக்கும். இதைக் கொட்டகைக்குள் சொல்லவில்லை.

மாலையில் படகின் சொந்தக்காரர் வந்தார். சைகையாலேயே எல்லோரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார் மேஸ்திரி. இந்தக் கட்டத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். வந்தவர் குழாயில் தன்னையே பார்த்தார். தொப்பியைச் சரி செய்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பின்னால் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு அவர் கண் மேலே போனது, தளத்தைச் சுற்றியிருக்கும் கைப்பிடிக் கம்பியில் நின்றது.

“இந்தக் கம்பி மட்டும் மங்கலா இருக்கே. இதையும் இப்படியே பண்ணிட முடியுமா?”

“அது அனோடைஸ் பண்ணது சார்” என்றார் மேஸ்திரி, அவருக்கு முன்னால் கையை விரித்துக் கம்பியை மறைத்துக்கொண்டே. “மின்சாரம் விட்டு, ஆசிட் தொட்டியில போட்டு, கம்பெனிக்காரன் கெட்டியா வளர்த்து விட்ட தோல். அதை நான் தேய்ச்சா இன்னிக்கு ஜொலிக்கும். அப்புறம் வாராவாரம் நீங்கதான் தேய்க்கணும்.”

சொந்தக்காரர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்! “வாராவாரம்னா, எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டுக்கொண்டே மைதா மூட்டைப் பக்கம் நகர்ந்தார்.